தேனீ வளர்ப்பில் புதியவர்க்கு நேரும் இடையூறுகளும் அவற்றின் பரிகாரமும்

கிராமவாசிகளுக்கு ஏற்ற உபதொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று என்பதைப் பலரும் அறிவர். இதற்கெனத் தனி நிலம் வேண்டுவதில்லை. பூவுள்ள காலத்தில் தீனி வாங்கும் செலவுமில்லை. வயலிலும் தோப்பிலும் வீணாகும் பூந்தேன் வீட்டுக்கு வருமானமாகிறது. ஆயினும், இத்தொழிலில் புகுந்தோரிற் பலர் முதலாண்டு முடியுமுன்னரே வெறும் பெட்டியுடன் நிற்கக் காண்கிறோம். “ஈக்கள் ஓடிவிட்டன, நமக்கு ராசியில்லை” என்று சொல்லிப் பெட்டியைக் கோழி அடைக்க உபயோகிப்போரும் உண்டு. ராசியின்மை இதற்குக் காரணமன்று. ஈக்கள் எக்காரணமுமின்றி ஓடுவதில்லை. ஓடுமுன் அவை பல அறிகுறிகளைக் காட்டுகின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாமையே நஷ்டத்துக்கு மூலம். பெட்டி சங்கக் கடனில் வாங்கியதாயின், நஷ்டம் ஒருவரோடு நில்லாது. தவணை தவறும், அடுத்து விண்ணப்பிக்கும் அங்கத்தினருக்கும் கடன் கொடுக்கச் சங்கத்தார் தயங்குவர். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நம் நாட்டு ஈயும் பெட்டியும்

நம் பக்கத்தில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ எனப் பலவகை உண்டு. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் ஒரே அடை கட்டுவன, பெட்டியில் தங்கா. மரப்பொந்திலும், கிணற்றுச் சுவர் இடுக்கிலும், புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீயே நம் பெட்டிக்கு உரியது.

அடைகளுக்கிடையே ஈக்கள் நடமாடுவதற்குரிய இடைவெளியைக் கணக்கிட்டு, எடுத்து மாட்டும் சட்டங்களையுடைய பெட்டியை 1851-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லாங்ஸ்ட்ராத் என்பார் கண்டறிந்தார். அதே தத்துவத்தை நம் சிறிய ஈக்குப் பொருந்துமாறு அமைத்தவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த பாதிரியார் நியூட்டன். 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தார் பலருக்கு இத்தொழிலைக் கற்பித்தார். அவர் பெயரால் வழங்கும் நியூட்டன் பெட்டி இன்றும் தமிழ்நாட்டில் புழக்கத்தில் உள்ளது. பின்னர் மார்த்தாண்டத்தில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம் இத்தொழிலை ஏழைக் குடும்பங்களிடையே பரப்பியது.

இரும்பைப் பகுதியின் பூக்காலம்

இரும்பையும் அதனை அடுத்த வானூர் வட்டத்துக் கிராமங்களும் செம்மண் பூமி. முந்திரி, வேம்பு, புளி, புங்கு, தென்னை, பனை ஆகியவை இங்கு உண்டு. அருகே ஆரோவில்லில் 1968-க்குப் பின் வளர்க்கப்பட்ட காடும் ஈக்களுக்கு நல்ல மேய்ச்சலாகும். சவுக்குத் தோப்புகளோ எவ்வளவு பரந்திருப்பினும் தேன் தாரா. அவற்றின் மகரந்தத்தைக் காற்றே கொண்டு செல்வதால் அப்பூவில் மது இல்லை. ஆகையால் பெட்டி வைக்குமுன் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பூக்கும் மரங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தை, மாசியில் முந்திரியும், பங்குனி, சித்திரையில் வேம்பும், அதன்பின் புளியும் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈக்கள் வெளியே செல்ல இயலாது, அது பஞ்சகாலம். கடுங்கோடையும் அவ்வாறே. புதியவர்க்கு நேரும் இடையூறுகளில் பெரும்பாலானவை இவ்விரு காலங்களிலேயே தோன்றுகின்றன.

1. குடும்பம் ஓடிப்போதல்

பொந்திலிருந்து பிடித்த குடும்பம் முதல் வாரத்திலேயே ஓடிவிடுவது சாதாரணம். பெட்டியில் முட்டையும் புழுவும் இருப்பின் ஈக்கள் எளிதில் அவற்றைக் கைவிடா. எனவே பிடிக்கும்போது புழுவுள்ள அடைகளைக் கவனமாக அறுத்து, முன்பு தொங்கியபடியே மேற்புறம் மேலாக, வாழைநாரால் சட்டத்தில் கட்டவேண்டும். ஈக்கள் அடையைச் சட்டத்தோடு ஒட்டியபின் நாரை நீக்கிவிடலாம். ராணி வெளியேறாதபடி வாயிலில் ராணித் தடுப்புத் தகட்டைச் சில நாள் பொருத்துக. அதை நெடுநாள் விடலாகாது. ஆண் ஈக்கள் அதன்வழி வெளியே செல்ல முடியாமற்போம்.

நிலைபெற்ற குடும்பம் ஓடுவதற்குக் காரணம் பசி, வெப்பம், எறும்பு, மெழுகுப்புழு, ஓயாத தொந்தரவு என்னும் ஐந்தனுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். ஓடுமுன் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். சேமித்த தேன் குறையும். மகரந்தம் கொண்டுவரும் ஈக்கள் அருகும். இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் காரணத்தை நீக்கித் தீனி கொடுத்தால் குடும்பம் நிலைக்கும்.

2. பசி

பூக்காலத்தில் தேனடை முழுவதையும் பிழிந்தெடுத்து, மழைக்காலத்தில் ஈக்களைப் பட்டினி போடுவது பேராசையின் விளைவு. புழு அறையிலுள்ள தேன் ஈக்களின் உணவு; அதைத் தொடலாகாது. மேலறைத் தேனே நமக்குரியது. பஞ்சகாலத்தில் சர்க்கரையும் நீரும் சம அளவாகக் காய்ச்சி ஆறவைத்த பாகை, சிறு பாத்திரத்தில் ஊற்றி, ஈக்கள் மூழ்காதபடி குச்சிகளிட்டு, மாலையில் பெட்டிக்குள்ளே வைக்க. பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ அயல்பெட்டி ஈக்கள் மணமறிந்து கொள்ளையடிக்க வரும். வாயிலில் ஈக்கள் கட்டிப் புரண்டு சண்டையிடுவது இக்கொள்ளையின் அடையாளம். உடனே வாயிலை ஓர் ஈ நுழையுமளவு குறுக்கிவிட வேண்டும்.

3. எறும்பும் வெப்பமும்

பெட்டி நிற்கும் கால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்துக, கொட்டாங்குச்சியும் போதும். நீர் வற்றாது பார்ப்பதும், கிளையோ புல்லோ பெட்டியைத் தொட்டு எறும்புக்குப் பாலமாகாது வெட்டுவதும் அன்றாட வேலை. சித்திரை வெயிலில் தகரத்தடியில் பெட்டி வைத்தால் மெழுகு இளகி அடை அறுந்து விழும். மர நிழலில், வாயில் கிழக்கு நோக்க, மேலே கீற்றுப் போட்டு வைப்பது நன்று. அருகில் ஒரு மண்சட்டியில் கூழாங்கற்களிட்டு நீர் வைக்க. ஈக்கள் அந்நீரைக் கொணர்ந்து தெளித்துச் சிறகால் விசிறியே பெட்டியைக் குளிர்விக்கின்றன.

4. மெழுகுப்புழு

அடையில் நூலாம்படை போன்ற பின்னலும், அடித்தட்டில் கருந்துகள்களும் காணப்படின் மெழுகு அந்துப்பூச்சியின் புழு புகுந்ததென அறிக. இது வலிய குடும்பத்தை வெல்லாது. ஈக்கள் மொய்க்காத பழைய அடைகளிலேயே பெருகும். எனவே ஈக்களால் மூடப்படாத அடைகளை எடுத்துவிட்டு, இருக்கும் அடைகளை நெருக்கி வைக்க. அடித்தட்டை வாரந்தோறும் துடைக்க. பழுதுற்ற அடையைத் தோட்டத்தில் எறியாது உருக்கிவிட வேண்டும். எறிந்த அடையிலிருந்து வரும் அந்துப்பூச்சி அண்டைவீட்டான் பெட்டியையும் கெடுக்கும்.

5. ராணியில்லாக் குடும்பம்

ராணியைத் தேடிக் காண்பது புதியவர்க்கு அரிது; காணவேண்டிய அவசியமுமில்லை. அறைக்கு ஒன்றாக, அடியில் நட்டுவைத்தாற்போல் வெண்முட்டை தென்பட்டால், மூன்று நாட்களுக்குள் அங்கே ராணி இருந்தது நிச்சயம். ஏனெனில் மூன்று நாளில் முட்டை புழுவாகிவிடும். ஓர் அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடப்பின், ராணி மறைந்து நாளாகி வேலைக்கார ஈக்களே முட்டையிடத் தொடங்கின என்பது பொருள். அம்முட்டைகளிலிருந்து ஆண் ஈக்களே பிறக்கும், குடும்பம் அழியும்.

ராணியை இழந்ததை ஆரம்பத்தில் கண்டால், வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஓர் அடையைக் கொடுக்க. ஈக்கள் அதிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். புது ராணி பிறந்து, வெளியே பறந்து கருவுற்று, முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய ஒரு மாதமாகும். வேலைக்கார ஈயின் ஆயுளோ சுறுசுறுப்பான காலத்தில் ஆறு வாரமளவே. ஆகவே கண்டறிவதில் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் பெருநஷ்டம். ஒரு பெட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு முட்டையடை கொடுப்பார் இல்லை. எவரும் இரண்டு பெட்டியுடன் தொடங்குவதே விவேகம்.

6. குடி பிரிதல்

ஓடிப்போதல் வேறு, குடி பிரிதல் வேறு. குடும்பம் செழித்து இடம் போதாதபோது, பழைய ராணி பாதி ஈக்களுடன் பிரிந்து செல்லும். அடையின் கீழோரத்தில் நிலக்கடலை போன்று தொங்கும் ராணி அறைகளே முன்னறிவிப்பு. முந்திரி பூக்குமுன்பே தேனறையை ஏற்றி இடந்தருக; அல்லது குடும்பத்தை இரண்டாகப் பிரித்து இரண்டாம் பெட்டியில் வைக்க. இவ்வாறு இடையூறே லாபமாகும்.

7. புழுப்பை நோய்

1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் புழுப்பை நோய் எனப்படும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி, அடுக்குத்தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும் பகுதியை அழித்தது. தலைமுறையாகத் தேன் எடுத்தோரும் அப்போது தொழிலைக் கைவிட நேர்ந்தது. புழுக்கள் அறையில் தலைநிமிர்ந்து நீட்டி மடிந்திருக்கும். எடுத்தால் நீர் நிறைந்த சிறு பை போலத் தொங்கும். இதற்கு மருந்தில்லை. நோய்கண்ட பெட்டியின் அடையையும் கருவிகளையும் பிற பெட்டிக்குக் கொண்டு செல்லாதிருப்பதும், ராணியைச் சில காலம் கூண்டிலிட்டு முட்டையிடாது நிறுத்துவதும், நோயிற் பிழைத்த குடும்பங்களிலிருந்து பெருக்குவதுமே வழி. மலிவென்று அறியாத இடத்துக் குடும்பத்தை வாங்குவோர் இதை நினைவிற் கொள்க.

8. பூச்சிமருந்து

முந்திரி பூக்கும் சமயம் தேயிலைக்கொசுவுக்காக மருந்தடிப்பது வழக்கம். காலையில் பூவில் அடித்த மருந்து அன்றே ஈக்களைக் கொல்லும். வாயிலின் முன் செத்த ஈக்கள் குவியும். முந்திரியின் மகரந்தம் ஒட்டுந்தன்மை உடையது. ஈ முதலிய பூச்சிகள் இன்றிக் காய் பிடிப்பது குறையும். ஆதலின் ஈயைக் கொல்பவர் தம் விளைச்சலையே குறைத்துக்கொள்கிறார். இயன்றவரை பூக்குமுன் மருந்தடிக்க. தவிர்க்க முடியாவிடின், தூளைத் தூவாது, ஈக்கள் கூடடைந்த பின் மாலையில் தெளிக்க.

சங்கம் செய்யவேண்டுவது

மேற்சொன்ன எட்டில் முதல் ஆறும் பெட்டிக்காரரின் கவனத்தால் தீர்வன. கடைசி இரண்டும் தனியொருவரால் ஆவனவல்ல. நோய் வேலி பார்ப்பதில்லை, மருந்தும் அப்படியே. மருந்தடிக்கும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கும் வழக்கத்தைச் சங்கம் ஏற்படுத்தலாம். கடன் கொடுக்குமுன் விண்ணப்பதாரர் அநுபவமுள்ள ஒருவரிடம் ஒரு பூக்காலமேனும் பழகியுள்ளாரா என விசாரிக்கலாம். தேனெடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பொதுவில் வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் பின் அதைக் கழுவிக் காயவைப்பது கட்டாயம். அறைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மெழுகால் மூடப்பட்ட அடையிலிருந்தே தேனெடுக்க வேண்டும் என்னும் விதியும் நன்று. முதிராத தேன் புளிக்கும். ஒருவர் விற்ற புளித்த தேன் ஊர்த்தேன் முழுவதின் பெயரையும் கெடுக்கும்.

வாரத்துக்கு ஒரு முறை, வெயிலேறுமுன், புகை சிறிதே காட்டி, பத்து நிமிஷம் பெட்டியைத் திறந்து பாருங்கள். முட்டை உண்டா, தேன் உண்டா, அடித்தட்டு சுத்தமா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடையை ஒரு குறிப்புப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி, மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஒருவர் பெட்டியிற் கண்ட குறையை மற்றவர் தம் பெட்டியில் வருமுன் தடுத்துக்கொள்ள அப்புத்தகமே போதுமானது.