நெடுந்தூரம் ஓடும் பழைய சொகுசுக் கார்

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

கல்லூரி மலரில் காரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் வியக்கக்கூடும். அதிலும் சொகுசுக் கார்! அரசுக் கல்லூரியில் படிக்கும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. புதிதாக இருந்தபோது ஐம்பது இலட்சம் ரூபாய்க்கு விற்ற கார், பத்து ஆண்டுகள் கழிந்ததும் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. கனவிலும் எட்டாதிருந்த பொருள் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. வந்தது ஓடுமா, வாசலிலேயே நின்றுவிடுமா என்பதுதான் கேள்வி.

என் தாய்மாமா மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். விடுமுறை நாட்களில் அவருக்குக் கையாளாக நின்று கண்டவற்றையும், படித்து அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். மூன்று இலட்சம், நான்கு இலட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கக்கூடிய பழைய சொகுசுக் காரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூன்று கார்களின் வரலாறு

ஒரு கார் எவ்வளவு தூரம் ஓடும்? முதலில் உலகறிந்த மூன்று சான்றுகளைக் காண்போம்.

கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி நகரின் டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ். அவரிடம் இருந்தது 1976ஆம் ஆண்டு மாடல் மெர்சிடஸ் பென்ஸ் 240டி. அதை அவர் 1981இல் பழைய காராகவே வாங்கினார். அப்போதே அது 2,20,000 கி.மீ. ஓடியிருந்தது. 2004இல் அதை மெர்சிடஸ் அருங்காட்சியகத்திற்கு ஒப்படைத்தபோது ஓடிய தூரம் 46 இலட்சம் கி.மீ.! இத்தனை தூரத்தையும் ஒரே எஞ்சின் ஓடிவிடவில்லை. எஞ்சினை அவ்வப்போது கழற்றி, செப்பனிட்ட மாற்று எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தவர் அமெரிக்காவின் இர்வ் கார்டன் என்னும் அறிவியல் ஆசிரியர். 1966இல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800எஸ் காரில் 2013ஆம் ஆண்டு 30 இலட்சம் மைல்களைக் கடந்தார். அதாவது ஏறத்தாழ 48 இலட்சம் கி.மீ. அவர் 2018இல் மறைந்தார்.

மூன்றாவது, 1996ஆம் ஆண்டு மாடல் லெக்சஸ் எல்எஸ்400. மேட் ஃபாரா என்னும் மோட்டார் எழுத்தாளர் 2014இல் இதை வாங்கியபோது ஏறக்குறைய 9 இலட்சம் மைல் ஓடியிருந்தது. 2019இல் அது 10 இலட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 16 இலட்சம் கி.மீ.

ஒன்று ஜெர்மனியது, ஒன்று சுவீடனது, ஒன்று சப்பானியது. ஆகவே இது நாட்டைப் பொறுத்ததன்று. காரின் முகப்பில் உள்ள சின்னத்தைப் பொறுத்ததும் அன்று. அளவுக்கு மீறி வருத்தப்படாத எஞ்சின், இடைவிடாத பராமரிப்பு ஆகிய இரண்டுமே இம்மூன்றுக்கும் பொதுவானவை. நாம் தேட வேண்டியவையும் இவையே.

விலை இறங்கும், செலவு இறங்காது

பழைய சொகுசுக் காரைப் பற்றி அறிய வேண்டிய முதல் உண்மை இது. ஐம்பது இலட்சம் ரூபாய் கார் எட்டு இலட்சத்திற்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் விலைதான் எட்டு இலட்சம். அதன் கியர் பெட்டி, ஸ்டியரிங் ரேக், முகப்பு விளக்கு எல்லாம் இன்னும் ஐம்பது இலட்சம் ரூபாய்க் காரின் உதிரிப் பாகங்களே. கார் மலிவானதற்காக அவற்றை யாரும் மலிவாகத் தரப்போவதில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் கடன் வாங்கி இத்தகைய கார் ஒன்றை வாங்கினார். ஏழாம் மாதத்தில் கியர் பெட்டி பழுதாயிற்று. செப்பனிடக் கேட்ட தொகை காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கார் இன்று தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. அவர் மகள் அவ்வாண்டு சேரவிருந்த படிப்பு ஓராண்டு தள்ளிப் போயிற்று. இதைப் பார்த்த பிறகே இவ்விஷயத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாமா அடிக்கடி சொல்வார்: “வாங்குறது பெரிசில்லடா மாப்ளே, வச்சு ஓட்டுறதுதான் பெரிசு.” ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. விலையில் கால் பங்கையேனும் முதலாண்டுச் செலவுக்கென்று தனியே வைத்துவிட வேண்டும். அது இயலாதெனில் ஒரு படி கீழான காரைப் பார்ப்பதே அறிவுடைமை.

எந்த எஞ்சின்?

மெர்சிடஸ் 240டி காரின் எஞ்சின் 2.4 லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் ஆற்றலோ ஏறத்தாழ 70 குதிரைத்திறன் மட்டுமே. அண்மைக் காலச் சொகுசு டீசல் கார்களில் 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 190 குதிரைத்திறன் வரை பெறுகிறார்கள். லிட்டருக்கு முன்னது 30, பின்னது 95. ஆற்றல் மிகுந்தால் வெப்பமும் அழுத்தமும் மிகும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. புதிய எஞ்சின்கள் தரம் குறைந்தவை என்பது இதன் பொருளன்று. எண்ணெய் மாற்றத்தில் காட்டும் சிறு அலட்சியத்தையும் அவை பொறுத்துக்கொள்ளா என்பதே பொருள்.

எனவே ஒரே வரிசைக் காரில் மூன்று எஞ்சின்கள் இருந்தால், மிக வலிமையானதை விட்டு எளிமையானதைத் தேர்ந்தெடுப்பது நலம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் கிடைக்குமானால் இன்னும் நலம். 2013 முதல் கர்நாடகத்தின் பிடதியில் தயாரான டொயோட்டா காம்ரி ஹைபிரிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எஞ்சினில் டர்போ இல்லை. கியர் அமைப்பில் தேயும் கிளட்சும் இல்லை. அதன் பேட்டரியை மட்டும் என்றேனும் மாற்ற நேரும் செலவாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காரின் பெயரைக் காட்டிலும் ஆண்டு முக்கியம். பிஎம்டபிள்யூவின் என்47 என்னும் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்புறம், கியர் பெட்டியின் பக்கம் அமைந்துள்ளது. 2007 முதல் 2011 வரையிலான எஞ்சின்களில் அந்தச் செயின் விரைவில் தேய்வது பலருக்கும் தெரிந்த குறை. மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும். 2000களின் நடுப்பகுதியில் வந்த மெர்சிடஸ் வி6 பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றில் சமன்தண்டின் பல்சக்கரம் தேய்ந்தது. 1990களின் முற்பகுதியில் வந்த மெர்சிடஸ் கார்கள் பலவற்றில் எஞ்சின் மின்கம்பிகளின் மேலுறை வெப்பத்தில் உதிர்ந்தது. அதே நிறுவனத்தின் வேறு ஆண்டுக் கார்களுக்கு இக்குறைகள் இல்லை. ஆகவே, எஞ்சினின் குறியீட்டையும் தயாரித்த ஆண்டையும் குறித்துக்கொண்டு, அதற்கென்று பேர் போன குறை எது, அது சரிசெய்யப்பட்டதற்கு ரசீது உண்டா என்று கேட்க வேண்டும்.

கிலோமீட்டர் கணக்கு

குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்பது பொதுவான எண்ணம். இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் சராசரி 70 கி.மீ. வேகத்தில் ஓடிய கார் ஒரு இலட்சம் கி.மீ. கடக்க ஏறத்தாழ 1,430 மணி நேரம் ஆகும். நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஓடிய கார் அதே தூரத்திற்கு 5,000 மணி நேரம் எடுக்கும். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும் இரண்டாவது எஞ்சின் மூன்றரை மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. பிரேக்கும் கியரும் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டா. டீசல் காராயின் இன்னொரு தொல்லை: குறுந்தூர நகர ஓட்டத்தில் புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பின்றி அடைத்துக்கொள்ளும்.

ஆகவே ஆறு ஆண்டுகளில் ஒன்றேகால் இலட்சம் கி.மீ. ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது உள்ள கார், பத்தாண்டுகளில் முப்பதாயிரமே ஓடி மூலையில் நின்ற காரைவிடச் சிறந்ததாக இருக்கலாம். நிற்கும் காரில் ரப்பர் காய்கிறது. எண்ணெய் முத்திரைகள் வெடிக்கின்றன. எலிகள் மின்கம்பிகளைக் கடிக்கின்றன.

மீட்டரைத் திருத்தியிருந்தால்? பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், ஸ்டியரிங்கின் தோல் ஆகியவை பொய் சொல்வதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இருபதாயிரம் கி.மீ. மட்டுமே ஓடியதாகச் சொல்லும் காரில் இரண்டாவது முறை மாற்றிய டயர்கள் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பல ஜெர்மானியக் கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமன்றி வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. தக்க ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அதைப் படித்துச் சொல்வார். பிழைக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் அக்கருவியால் ஊகிக்கலாம்.

வண்டியைச் சோதிக்கும் முறை

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே செல்ல வேண்டும். போய்ச் சேரும்முன் விற்பவர் எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில நொடிகளில்தான் செயினின் சலசலப்பு காதில் விழும்.

புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டும். டீசலில் மிகுந்த கரும்புகை எரிபொருள் முறையாக எரியாததன் அறிகுறி. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் பால் கலந்த காப்பி போன்ற படிவு இருக்கக் கூடாது.

தானியங்கிக் கியர் உள்ள காரை அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியில் நன்றாக இருந்துவிட்டுச் சூடேறிய பின் உதறும் கியர் பெட்டிகள் உண்டு. அதன் ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று கார் நிறுவனங்கள் சில கூறுவதுண்டு. ஆனால் அந்தப் பெட்டிகளைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய ரசீது இருந்தால் அந்தக் கார்க்காரர் அக்கறையுள்ளவர் என்று கொள்ளலாம்.

காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள காரானால், இரவு நிறுத்தியதை மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது. கசிவை ஈடுகட்ட ஓயாது உழைக்கும் கம்ப்ரசரும் விரைவில் கெடும். நெடுநாள் வைத்து ஓட்ட விரும்புவோர்க்குச் சாதாரண இரும்புச் சுருள் சஸ்பென்ஷனே உகந்தது.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும். சான்றில்லையேல் மாற்றவில்லை என்றே கொண்டு, அச்செலவை விலையில் கழிக்க வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களிடம் தனி எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. கழுவி, மெருகேற்றி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள்; வண்டல் கோடு தெரியலாம். தரைவிரிப்பின் அடியையும் இருக்கைத் தண்டவாளத்தின் துருவையும் பாருங்கள். சொகுசுக் காரில் மின்னணுப் பெட்டிகள் பல தரைவிரிப்பின் கீழேயே இருப்பதால், மூழ்கிய காருக்கு நீண்ட ஆயுள் இல்லை.

காகிதங்கள்

2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதன் விளைவாக அங்கிருந்த டீசல் சொகுசுக் கார்கள் பல மலிவாகத் தென்னாட்டுக்கு வந்தன. வெளிமாநிலக் காராயின் படிவம் 28இல் தடையில்லாச் சான்று, நம் மாநிலச் சாலை வரி, மறுபதிவு ஆகியவை தேவை. வரியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பாதியாகிவிடும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30. பழைய கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், பதின்மூன்று வயதுக் காரை வாங்குவோர் புதுப்பிக்கும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறைவுரை

வாங்கிய பின் செய்ய வேண்டியது எளிது. எல்லா ஆயில்களையும் குளிர்விப்பானையும் முதல் மாதத்திலேயே மாற்றி, அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவர வேண்டும். நம் நாட்டு வெயிலுக்கும் தூசுக்கும் எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலை மாற்றுவது நன்று என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய கார்களெல்லாம் இத்தகைய நோட்டு வைத்திருந்தவர்களின் கார்களே.

ஆகவே நண்பர்களே, வீட்டில் பழைய சொகுசுக் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் பளபளப்பைப் பார்க்கும்முன் ரசீதுக் கட்டைக் கேளுங்கள். கட்டு இல்லாத கார் எவ்வளவு அழகாயிருந்தாலும் விட்டுவிடுங்கள். வேறொன்று கட்டாயம் வரும். ஆனால் தந்தையார் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் இரண்டாம் முறை வருவதில்லை.