பட்டிழையும் குருதிக்குழாயும்

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் பிரியாது பிணைவதைக் காஞ்சியார் நன்கறிவர். குருதிக்குழாய்களை அவ்வாறு இணைக்கும் கலையும் ஒரு பட்டு நகரில் வளர்ந்ததே என்பதைப் பலர் அறியார்.

1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குக் குருதி கொணரும் பெருஞ்சிரை அறுபட்டது; தைக்க வல்லார் இலர்; மாண்டார். அங்கு மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரல் இதனை ஆற்றாராய், பூத்தையலில் தேர்ந்த பெண்மணி ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்து, நுண்ணூசியும் பட்டிழையும் கையாளப் பழகினார். (நம் மருத்துவ மாணவர் இதற்கு உடன்படுவரோ?) வட்டமான குழாய்வாயை மூன்று தையல்களால் இழுத்து முக்கோணமாக்கவே, நேர்க்கோட்டில் தைத்தல் எளிதாயிற்று. 1912இல் நோபல் பரிசும் வந்தது. உறுப்பை உடல் மறுப்பது தையலின் குறையன்று என்பதையும் அவரே உய்த்துணர்ந்தார். 1954இல் பாஸ்டனில் ஒத்த இரட்டையரிடையே சிறுநீரக மாற்று வென்றது. 1971இல் வேலூரிலும் சிறுநீரகம் பொருத்தப்பெற்றது.

தைக்கும் கை இருந்தும், ஈயும் மனம் வேண்டுமே! 2008 செப்டம்பரில், அந்நாளில் காஞ்சி மாவட்டத்திலிருந்த திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவுற்ற தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்தனர். உடலுக்கு வெளியே இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே தாங்கும். காவலர் வழியொதுக்க, சென்னை நெரிசலைக் கடந்து அது ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது.