மலைவீதியிலே துவிச்சக்கரவண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகள் பெரும்பாலும் சமதரையானவை. அங்கே துவிச்சக்கரவண்டி ஓட்டிப் பழகியவர் எதிர்க்காற்றை நன்கறிவார், ஏற்றத்தை அறியார். அத்தகைய ஒருவர், வளைந்த கைபிடியும் ஒடுங்கிய ரயர்களும் உடைய வீதியோட்ட வண்டியொன்றைக் குறைந்த விலையிலே வாங்கி, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் பயணஞ் செய்ய விரும்புகின்றார் எனக் கொள்க. வண்டியின் விலை குறைவென்று அவர் அஞ்ச வேண்டியதில்லை. மலை கேட்பது விலையுயர்ந்த வண்டியை அன்று; அளவறிந்த முயற்சியையே.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,870 மீற்றர் அளவில் உள்ளது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் வீதி, இந்த உயர வேறுபாட்டை வளைந்து வளைந்து ஏறிக் கடக்கின்றது. சமதரையில் விரைந்து செல்பவருக்குப் பெருந்தடையாவது காற்று. ஏற்றத்திலோ பாரமே பெருந்தடை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனின், அத்தனையையும் கால்களே மேலே தூக்க வேண்டும். ஒரே ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவரிலும் பார்க்க, 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஒவ்வொரு கணமும் இரு மடங்குக்கு மேலான வலுவைச் செலவிடுகின்றார். ஆதலின், சமதரை வேகத்தை மலையிலும் காக்க முயல்பவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கிவிடும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே கியர். இத்தகைய வண்டிகள் பலவற்றில், பெடல்களோடு சேர்ந்து 50 பற்களும் 34 பற்களும் உடைய இரு பற்சக்கரங்கள் முன்னே உள்ளன. பின் சில்லிலே 11 பற்கள் முதல் 32 பற்கள் வரை கொண்ட பற்சக்கரங்கள் வரிசையாக உள்ளன. முன்னே பெரியதும் பின்னே மிகச் சிறியதுமாகச் சங்கிலி ஓடினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 9.5 மீற்றர் செல்லும். முன்னே சிறியதும் பின்னே மிகப் பெரியதுமாக ஓடினால், 2.2 மீற்றரே செல்லும். உயரமான படிகள் சிலவற்றைத் தாவி ஏறுவதற்கும், தாழ்வான படிகள் பலவற்றை மெல்ல ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஏறும் உயரம் ஒன்றே; காலுக்கு நேரும் வருத்தம் வேறு.

இலேசான கியரைப் பயன்படுத்துவது பலவீனத்தின் அடையாளம் எனக் கருதுவோர் உளர். இக்கருத்து பழையது. 1903ஆம் ஆண்டு தொடங்கிய பிரான்சு நாட்டுச் சுற்றுப் போட்டி, 1910இல் பிரனீசு மலைத்தொடரின் 2,115 மீற்றர் உயரமான துர்மலே கணவாய்க்கு வீரர்களை ஏற்றியது. ஆயினும், சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறி அப்போட்டியில் 1937ஆம் ஆண்டிலேதான் அனுமதிக்கப்பெற்றது. அதற்கு முன்னர், வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சில்லைக் கழற்றி, மறுபுறம் திருப்பிப் பூட்டியே வேறு பற்சக்கரத்தைப் பெற்றனர். உலகப் புகழ்பெற்ற வீரர்களுக்கே தேவையாயிருந்த உதவியைப் புதியவர் ஒருவர் நாணி ஒதுக்குதல் அறிவுடைமையாகாது.

கியரை மாற்றுவதற்கும் காலமுண்டு. செங்குத்தான பகுதி தொடங்குமுன்னரே மாற்றிவிடல் வேண்டும். கால் முழுப் பலத்தோடு மிதிக்கும் வேளையில் மாற்றினால், சங்கிலி இழுபட்டுத் தடுமாறும். ஆசனத்தில் அமர்ந்தபடியே, கைபிடியின் மேற்பகுதியைத் தளர்வாகப் பற்றி, நெஞ்சு விரிய மூச்செடுத்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று வரை சீராக மிதித்துச் செல்லுதல் நன்று. எழுந்து நின்று மிதித்தலைக் குறுகிய தூரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். உடன் வருபவரோடு ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் முயற்சி அளவோடிருக்கின்றது. சொல் பாதியில் அறுமாயின் வேகம் மிகுந்துவிட்டது. தாகம் எடுக்குமுன் சிறிது நீரும், பசி எடுக்குமுன் சிறிது உணவும் கொள்ள வேண்டும்.

களைத்தவர் சிலர் ஏற்றத்தின் கடுமையைக் குறைப்பதற்காக வீதியின் குறுக்கே வளைந்து வளைந்து ஓட்டுவர். பேருந்துகளும் லொறிகளும் செல்லும் வீதியில் இது உயிருக்கு ஆபத்தானது. இடப்புறமாக நேர்கோட்டிற் செல்ல இயலாத நிலை வந்தால், வீதியோரம் இறங்கி நடப்பதே முறை. நடந்தவரும் உச்சியை அடைவர்.

ஏறி முடித்ததும் பாடம் முடிந்துவிடுவதில்லை. ஏற்றத்தில் தவறு செய்தவர் களைப்பார்; இறக்கத்தில் தவறு செய்தவர் விழுவார். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்குத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். எனவே, வளைவுக்குள் நுழைந்தபின் அன்றி, நுழையுமுன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைந்த கைபிடியின் கீழ்ப்பகுதியைப் பற்றினால் பிறேக்கை உறுதியாக இழுக்கலாம். முன் பிறேக்கைத் திடீரென இறுகப் பிடித்தால், ஓட்டுபவர் முன்னே தூக்கியெறியப்படலாம். இரண்டையும் பதமாகப் பிடித்து, உடலைச் சற்றுப் பின்னே தள்ளி அமர வேண்டும். சில்லின் விளிம்பைப் பற்றும் பிறேக்கை நெடுநேரம் விடாது பிடித்தால், விளிம்பு சூடேறி ரியூப் வெடிக்கவுங் கூடும். ஆகவே பிடித்தும் விட்டும் இறங்குதலும், நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று செல்லுதலும் வேண்டும். மழையில் நனைந்த பிறேக் உடனே பற்றாது. இறம்பொடைப் பகுதியிற் பனிமூட்டம் சூழும்போது விளக்கின்றிச் செல்லலாகாது.

புறப்படுமுன் பிறேக்கின் இறப்பர்க் கட்டைகளையும் ரயர்களின் காற்றையும் சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். மலையை அடிமைப்படுத்த எவராலும் இயலாது. அதன் சரிவுக்கேற்பத் தம் வேகத்தை அமைத்துக்கொள்பவருக்கு, எளிய வண்டியும் நுவரெலியா வரை துணையாகும். அங்கிருந்து நலமே வீடு திரும்பவும் அது துணையாகும்.