உப்பளத்தில் ஓர் உலகம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். தூத்துக்குடியில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, "ஸார், அங்கே உப்பளத்துப் பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறமாக இருந்ததே! யாராவது சாயத்தைத் திறந்து விட்டுவிட்டார்களா?" என்று கேட்டான். நிறம் மாறிய நீரைக் கண்டதும் சாயப்பட்டறை நினைவுக்கு வருவது நொய்யற்கரைப் பிள்ளைக்கு இயல்புதானே!

"சாயம் அல்ல, தம்பி, அது உயிர்" என்றோம். சொன்ன மாத்திரத்தில் நமக்கே சற்று வெட்கமாய்ப் போயிற்று. உப்பில் எந்த ஜீவனும் பிழைக்காது, ஆகவேதான் ஊறுகாய் கெடுவதில்லை என்று முந்தின ஆண்டு அதே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் நாமேயல்லவா?

அந்தப் பாடம் முழுப் பொய்யுமன்று. பங்குனி மாதத்தில் ஆர்.எஸ்.புரத்து வீடுகளில் மாவடு போடும் பாட்டிமார் இதை அறிவார்கள். உப்பிட்ட சில நாளில் வடு சுருங்கும். ஜாடியில் நீர் ஊறி நிற்கும். உப்பு வடுவின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. சாதாரண நுண்ணுயிர்களுக்கும் இதே கதிதான். நீரை இழந்து அவை மடிகின்றன.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் காய்ந்து அந்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் பாத்தியில் உப்புப் பூக்கிறது. அந்தக் கொடிய உவர்நீரில் குடித்தனம் நடத்துபவை இரண்டு கூட்டத்தார்.

முதற் கூட்டம், டூனலியெல்லா என்னும் நுண்பாசி. வெளியே உப்பு ஏற ஏற, இது தன் உடலுக்குள் கிளிசரினைத் தயாரித்து நிரப்பிக் கொள்கிறது. உள்ளும் புறமும் சமநிலை அடைவதால் நீர் வெளியேறுவதில்லை. கடும் வெயிலுக்குக் குடையாகக் காரட்டிலுள்ள அதே செம்மஞ்சள் நிறப்பொருளைச் சேர்த்து வைக்கிறது.

இரண்டாவது கூட்டத்தின் துணிச்சல் இதனினும் பெரிது. ஹாலோபாக்டீரியம் முதலிய இவை, பெயர் எப்படியிருப்பினும், பாக்டீரியாக்கள் அல்ல. 1977இல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வூஸ் தனி வம்சமென எடுத்துக்காட்டிய ஆர்க்கியா இனத்தைச் சேர்ந்தவை. உப்பைத் தடுப்பதற்குப் பதிலாக இவை பொட்டாசிய உப்பைத் தம் உடலுக்குள்ளேயே நிரப்பிக் கொள்கின்றன! சாதாரணப் புரதங்கள் அத்தனை உப்பில் கட்டிதட்டிப் போகும். இவற்றின் புரதங்களோ மேற்பரப்பெங்கும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், நீரைத் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொண்டு உருக்குலையாமல் வேலை செய்கின்றன.

உவர்நீரில் பிராணவாயு குறைவு. அதற்கும் இவை வழி கண்டிருக்கின்றன. நம் கண்ணிலுள்ள ஒளியுணரும் பொருளுக்கு ஒப்பான ஊதா நிறப் புரதம் ஒன்று இவற்றின் சவ்வில் இருப்பதை 1971இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் இருவரும் வெளியிட்டனர். அதைக் கொண்டு சூரிய ஒளியிலிருந்தே இவை சக்தி பெறுகின்றன.

ஆனால் இத்தனை சாமர்த்தியத்துக்கும் கொடுத்த விலை ஒன்று உண்டு. உப்போடு இவ்வளவு ஒன்றிப்போனபின் உப்பில்லாமல் வாழ முடியாது. சிறுவாணித் தண்ணீரை அமிர்தமென்று நாம் பெருமை பேசுகிறோம். அதில் இவற்றை விட்டால் புரதங்கள் குலைந்து, உடல் வெடித்து மாயும். நமக்கு அமிர்தம், இவற்றுக்கு ஆலகாலம்!

இந்தச் செந்நிறத்தால் மனிதருக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. சிவந்த நீர் வெயிலை அதிகமாகக் கிரகித்து விரைவில் வற்றுவதால் உப்பு விளைச்சலுக்கு உதவி. ஆனால் உப்பிட்ட கருவாட்டிலும், பதனிட வைத்த தோலிலும் இவை பரவிச் செந்திட்டுப் படர்ந்தால், மீனவப் பெண்ணுக்கும் தோல் வியாபாரிக்கும் பண நஷ்டம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டி உவர்நீர் நீர்த்துப் போனால் இவை வம்சமற்றுப் போகாவோ? போவதில்லை. உப்புக் கல் உறையும்போது அதனுள் நுண்ணிய உவர்நீர்த் துளிகள் சிறைப்படுகின்றன. அத்துளிகளில் சில ஜீவன்கள் நெடுநாள் உயிரோடிருக்கும். கடைகளில் விற்கும் கடலுப்பிலிருந்தே ஆராய்ச்சியாளர் இவற்றை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அஞ்ச வேண்டாம், மனிதருக்கு நோய் தருவது இவற்றின் தொழில் அன்று.

1930இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்து சென்று வேதாரண்யத்தில் அள்ளிய ஒரு பிடி உப்பில் தேசத்தின் மானம் இருந்தது. அந்தப் பிடியில் கண்ணுக்குத் தெரியாத இப்பிரஜைகளும் சிலர் இருந்திருக்கக் கூடும்!

மறுநாள் வகுப்பில் நம் பழைய பாடத்தைத் திருத்திக் கரும்பலகையில் எழுதினோம். பிள்ளையாண்டான் விடவில்லை. "அப்படியானால் ஊறுகாய் ஏன் சிவந்து போவதில்லை, ஸார்?"

"மாங்காயின் புளிப்பு அவற்றுக்கு ஆகாது. அதோடு, நம் வீட்டு ஊறுகாயில் உப்புக் குறைச்சல் என்பது அவற்றின் புகார்!" என்றோம்.