தேம்ஸ் சுரங்கப்பாதை

தேம்ஸ் சுரங்கப்பாதை என்பது இலண்டன் நகரில் தேம்ஸ் ஆற்றின் அடியில் அமைந்துள்ள சுரங்கப்பாதை ஆகும். இது தென்கரையிலுள்ள ரொதர்கைத் பகுதியையும் வடகரையிலுள்ள வாப்பிங் பகுதியையும் இணைக்கின்றது. 1825 இல் தொடங்கிய இதன் கட்டுமானம் 1843 இல் நிறைவெய்தியது. கப்பல் செல்லத்தக்க ஆறொன்றின் அடியில் வெற்றிகரமாக அமைக்கப்பட்ட முதலாவது சுரங்கப்பாதை இதுவாகும். இதன் நீளம் ஏறத்தாழ 396 மீட்டர். அகலம் 11 மீட்டர். உயரம் 6 மீட்டர்.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் துறைமுகத்துக்கு உயரமான பாய்மரக் கப்பல்கள் பெருமளவில் வந்து சென்றன. தாழ்வான பாலம் கட்டினால் அவற்றின் போக்குவரத்து தடைப்படும். எனவே ஆற்றின் அடியில் வழி அமைக்க முயற்சிகள் நடந்தன. ரிச்சர்ட் டிரெவித்திக் என்பவர் தோண்டிய சுரங்கத்தில் 1808 இல் ஆற்றுநீர் புகுந்ததால் அப்பணி கைவிடப்பட்டது. பாறையில் குடையும் சுரங்கம் பெரும்பாலும் தானாகவே நிற்கும். ஆனால் நீர் ஊறிய மென்மண்ணில் தோண்டத் தோண்ட மண் சரியும் என்பதே இதிலிருந்த சிக்கலாகும்.

கேடய முறை

இச்சிக்கலுக்குத் தீர்வாக, பிரான்சில் பிறந்த பொறியாளர் மார்க் இசம்பார்டு புரூனல், தாமசு காக்ரேனுடன் இணைந்து 1818 இல் சுரங்கக் கேடயத்துக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவின் செயலைக் கண்டு இவ்வெண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகின்றது.

இக்கேடயம் 12 இரும்புச் சட்டங்களையும் 36 அறைகளையும் கொண்டது. அறைக்கு ஒருவராகத் தொழிலாளர் நின்று வேலை செய்தனர். எதிரேயுள்ள மண்சுவரைப் பலகைகள் தாங்கி நின்றன. தொழிலாளி ஒரு பலகையை மட்டும் அகற்றி, ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, பலகையை மீண்டும் பொருத்துவார். எல்லாப் பலகைகளும் இவ்வாறு நகர்ந்தபின், அச்சட்டம் திருகுகளால் முன்னே தள்ளப்படும். பின்னால் கொத்தனார்கள் உடனுக்குடன் செங்கல் சுவர் எழுப்புவர். இதனால் மண் எந்த நேரத்திலும் தாங்கலின்றி இருப்பதில்லை.

விபத்துகள்

ஆற்றில் கலந்த கழிவுநீர் சுரங்கத்தினுள் கசிந்ததாலும், அதிலிருந்து வெளிப்பட்ட வளிமங்களாலும் தொழிலாளர் பலர் நோயுற்றனர். 1827 மே மாதத்தில் ஆறு உள்ளே புகுந்தது. ஆற்றுப் படுகையில் உண்டான பள்ளத்தைக் களிமண் பைகளால் அடைத்தபின் பணி தொடர்ந்தது. 1828 சனவரி 12 இல் ஏற்பட்ட இரண்டாவது வெள்ளத்தில் அறுவர் இறந்தனர். மார்க் புரூனலின் மகன் இசம்பார்டு கிங்டம் புரூனல் அரிதாக உயிர் தப்பினார். அதன் பின்னர் பணமின்மையால் சுரங்கம் பல ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்தது. அரசு கடன் வழங்கிய பின்னரே பணி மீண்டும் தொடங்கியது.

பயன்பாடு

1843 மார்ச் 25 இல் பாதசாரிகளுக்காக இது திறக்கப்பட்டது. சரக்கு வண்டிகளுக்காகவே திட்டமிடப்பட்டிருந்த போதிலும், வண்டிகள் இறங்குவதற்கான சாய்தளங்களைக் கட்டப் பணம் போதவில்லை. 1865 இல் கிழக்கு இலண்டன் தொடருந்து நிறுவனம் இதனை வாங்கியது; 1869 இலிருந்து தொடருந்துகள் ஓடலாயின. வண்டிகளுக்காக விடப்பட்ட உயரமும் அகலமும் தொடருந்துகளுக்குப் போதுமானவையாக இருந்தன. இன்றும் இதன் வழியே பயணிகள் தொடருந்துகள் செல்கின்றன.

மண்ணைத் தாங்கியவாறே தோண்டி, பின்னால் உடனே உறையிடும் இம்முறையே மென்மண்ணில் இயங்கும் இன்றைய சுரங்கம் துளைக்கும் எந்திரங்களுக்கும் அடிப்படையாக உள்ளது.