எனக்கு, என்னிடம், என்னுடையது

முதலாண்டில் ஓர் உதவித்தொகைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போனேன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். "மை ஃபாதர் ஓன்ஸ் டூ ஏக்கர்ஸ்" என்றேன். "சொந்த நிலம் இருக்கே, அப்புறம் எதுக்குப்பா உதவித்தொகை?" என்றார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. அப்பா உழுவது குத்தகை நிலம்!

'எனக்குத் தம்பி இருக்கிறான்', 'என்னிடம் பேனா இருக்கிறது' என்று தமிழில் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹேவ்'தான். பொருள் சொந்தமா, இரவலா என்பதை அந்தச் சொல் மட்டும் காட்டாது. 'ஓன்' என்றால் உரிமையோடு சொந்தம். தம்பியையும் காய்ச்சலையும் 'ஓன்' பண்ண முடியாது! 'பிலாங்ஸ் டு' பொருளை முன்னால் வைத்து, அது யாருடையது என்று சொல்லும். ஒர்க்‌ஷாப் வெர்னியர் என் கையில் இருந்தாலும் "இட் பிலாங்ஸ் டு தி காலேஜ்". இன்னொன்று: "ஐ யாம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" தப்பு, "ஐ ஹேவ்" போதும்.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்களில் என் அம்மாச்சியும் உண்டு. ஓட்டியது வாடகை சைக்கிள். "ஷி ஹேட் எ சைக்கிள் ஃபார் அன் ஹவர்" எனலாம். "ஷி ஓன்ட் எ சைக்கிள்" என்றால் பொய். ஆனால் கற்ற வித்தை அம்மாச்சிக்கே சொந்தம். அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

இப்போது யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்வேன்: "மை ஃபாதர் ஹேஸ் டூ ஏக்கர்ஸ் ஆன் லீஸ்." இதில் வெட்கப்பட என்ன இருக்கு?