உப்புப் போட்டோமா, இல்லையா?

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. உப்புப் போட்டோமா இல்லையா என்று நினைவில்லை. போடவில்லை என்றெண்ணி இன்னொரு முறை அள்ளிப் போடுகிறீர்கள். சாப்பிட உட்கார்ந்த கணவர் முகத்தைச் சுளித்து, "உன் புத்தி எங்கே போச்சு?" என்கிறார். பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்திப் போகாதவர் நீங்கள். நிரையில் ஒரு மங்கைக்கூட விடாமல் பால் எடுத்தவர். 'எனக்குத்தான் மூளை கெட்டுவிட்டதோ' என்று உள்ளுக்குள் நடுங்குகிறீர்கள்.

தாய்மார்களே! உங்களுக்கு வயது 45-ஐத் தாண்டிவிட்டதா? மாதவிலக்கு இரண்டு மாதம் நின்று மறுபடி வருகிறதா? அப்படியானால் இதைப் படியுங்கள். வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் அது இரத்தத்தோடு கலந்து மூளைக்கும் போகிறது. புதியவற்றை நினைவில் பதிக்கும் பகுதி ஒன்று, கடற்குதிரை வடிவில், மூளையின் உட்புறத்தில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அங்கேயும் வேலை செய்கிறது.

1990-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார் பெண் எலிகளின் மூளையைச் சோதித்தார்கள். எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு சுற்று. ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது அந்தப் பகுதியின் நரம்பணுக்களில் நுண்ணிய முட்கள் போன்ற அரும்புகள் பெருகின, இறங்கியதும் குறைந்தன. அந்த அரும்புகள் வழியாகத்தான் ஓர் அணு மற்றோர் அணுவிடமிருந்து செய்தி வாங்குகிறது.

எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கனடாவில் பார்பரா ஷெர்வின் என்ற பெண் ஆராய்ச்சியாளர், அறுவையில் சினைப்பைகள் எடுக்கப்பட்ட பெண்களைச் சோதித்து 1988-இல் முடிவை வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் பெற்றபோது அவர்களின் நினைவுத் திறன் குறையவில்லை. மருந்தென்ற பெயரில் வெறும் ஊசி பெற்றபோது மதிப்பெண் இறங்கியது.

பிறகு, அமெரிக்காவில் நடுவயதுப் பெண்கள் 2,000 பேருக்கு மேல் நான்கு ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். ஒரே சோதனையை மறுபடி மறுபடி வைத்தால் யாரும் கொஞ்சம் தேறுவார்கள் அல்லவா? மாதவிலக்கு தடுமாறும் காலத்தில் அந்தத் தேர்ச்சி மந்தப்பட்டது. அது நின்று போன பிறகோ பழையபடி திரும்பியது! 2009-இல் வெளியான இந்தச் செய்தியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உங்கள் மறதி பொய்யல்ல, சோம்பலும் அல்ல. பெரும்பாலும் அது வந்து போகிற ஒன்று.

தூக்கக் கேடும் இதில் சேர்ந்துகொள்கிறது. நடு இரவில் முகமும் மார்பும் அனலடித்து, ரவிக்கை நனைய வியர்த்து, எழுந்து உட்காருகிறீர்கள். விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டும். இப்படி மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் ஆண்பிள்ளைக்கும் உப்பு மறக்கத்தான் செய்யும்.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வாங்கி விழுங்கலாமா? அவசரப்படாதீர்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,500-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. மருந்து உண்டவர்களில் 40 பேருக்கும், வெறும் மாத்திரை உண்டவர்களில் 21 பேருக்கும் முதுமைப் புத்தித் தேய்வு கண்டிருந்தது. காலம் கடந்து கொடுத்த மருந்து காக்கவில்லை, கெடுத்தது. அனலும் வியர்வையும் தாங்க முடியாத 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டாக்டர் சோதித்துப் பார்த்து ஹார்மோன் தருவது உண்டு. மறதிக்காக மட்டும் தருவதில்லை. இளவயதிலேயே சினைப்பைகளை எடுத்துவிட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் இதைப் பற்றி அவசியம் கேட்க வேண்டும்.

எல்லா மறதியையும் மாதவிலக்கின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இரத்தச் சோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். இவற்றுக்கு மருந்து உண்டு. பழகிய பாதையில் வழி தவறுவது, சொன்னதையே சொல்வது, காலமெல்லாம் வைத்த குழம்பை எப்படி வைப்பது என்றே திகைப்பது, இவை வேறு வகை. இவற்றைக் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் மாதவிலக்கு வந்த நாட்களைச் சுழித்து வையுங்கள். இரவில் வியர்த்து விழித்த நாட்களுக்கு ஒரு புள்ளி போடுங்கள். மூன்று மாதத் தாளைக் கிழித்தெறியாமல் மடித்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே போய் நின்றதும் தேதியெல்லாம் மறந்துவிடும், பாருங்கள்!